என்னைக் கேட்காமல் சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரர் குடியை விட்டதற்காக நான் கர்த்தருக்கு நன்றி சொல்லாத நாள் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்று யாராவது கிளம்பி வருவார்கள். விட்ட கதையை விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அதற்குத்தான் எனக்கு ஆத்திரம்.

ஒரகடத்தில் ரோடு அகலப்படுத்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் நின்றேன். ஷிப்ட் விட்டால் அவர் கால் தானாக ஒயின்ஷாப் பக்கம் திரும்பும். படப்பை ரோட்டில் ஷீட் போட்ட ஜெபக்கூடம் நடத்திய பாஸ்டர்தான் அதை மாற்றினார். குடியை விடு என்று அவர் சொல்லவே இல்லை. குடிக்கப் போகிற அதே ஆறு மணிக்கு வந்து கூடத்தைப் பெருக்கு, பாய் விரி, பாட்டுக்கு டோலக் அடி என்றார். மனுஷன் போனார், பெருக்கினார், அடித்தார். இரண்டு மாதத்தில் கை நடுக்கம் நின்றது. சந்தோஷத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு சாட்சி ஆரம்பித்தது. ஞாயிறு ஆராதனையில், பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்வது சபை வழக்கம். ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கும், இன்னொருவருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். இவர் மைக்கைப் பிடித்துத் தான் குடித்ததையும், குடித்துவிட்டு என்னை அடித்ததையும், பிறகு விட்டதையும் சொன்னபோது சபையே அழுதது. அடுத்த வாரமும் பாஸ்டர் கூப்பிட்டார். அப்புறம் குன்றத்தூர் சபையில் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை இரண்டு தைத்தோம். ஒரே கதையை எத்தனை தடவை கேட்பார்கள்? அதனால் கதையில் அடி ஏறிக்கொண்டே போனது. அறைந்தது உதையானது. என்னை விளக்குமாற்றால் விளாசியதாகச் சொன்னார். விளக்குமாற்றை எடுத்தது நான். ஆனாலும் அடித்தது உண்மைதானே என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பொறுத்தேன். பெண்கள் பக்கம் அத்தனை தலையும் திரும்பி, ஐயோ பாவம் என்று என்னைப் பார்க்கும். அந்தப் பாவத்தை அவரவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைப் பிடித்தாள். திருநெல்வேலிக்காரி, லைனில் எனக்கு அடுத்து நிற்பவள். முந்தின நாள் எனக்கு ஓ.டி. வேலை. இவர் தனியாக ஏதோ ஒரு சபைக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தார். அவளும் ஹாஸ்டல் தோழிகளோடு அங்கே போயிருக்கிறாள். சில நாள் கம்பெனி கேட்டில் என்னைக் கூட்டிப்போக வருகிறவர் என்று அவரை அடையாளம் தெரிந்திருக்கிறது.

"எக்கா, வயித்துல இருந்த பிள்ள போனது அதனாலதானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நாலாம் மாதத்தில் கலைந்த பிள்ளை அது. அவர் தள்ளி நான் விழுந்ததை என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அதை மைக்கில் போட்டு நாலு அல்லேலூயா வாங்கிக்கொண்டு வந்து, ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டும் இருக்கிறார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பாஸ்டரிடம் போய், இனி இவரைச் சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள் என்றேன். இவர் சாட்சியைக் கேட்டு எத்தனையோ பேர் திருந்துகிறார்களே, நீ ஏன் தடையாக நிற்கிறாய் என்றார். சாட்சி நின்றால் பிசாசு திரும்பி வரும், அவர் மறுபடி குடித்தால் அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும் என்றார். இது என்ன நியாயம்? அவர் குடித்தாலும் என் தலை உருளவேண்டும், குடிக்காவிட்டாலும் உருளவேண்டுமா? ஆனால் பயந்தேன், அதையும் மறைக்கவில்லை. நிஜமாகவே மறுபடி குடித்துவிட்டால் என்ன செய்வேன்? பயத்தோடேதான் சாயந்திரம் அவரிடம் கேட்டேன்.

"குடிச்சுக்கினு அடிச்சப்போ, காலைல ஞாபகமே இல்லன்னு சொன்னே. இப்போ தெளிஞ்சுதானே கீற. புள்ள போனத மைக்குல சொன்னதுக்கு இப்போ இன்னா சொல்லப்போற?"

கர்த்தரிடம் அத்தனை தரம் மன்னிப்புக் கேட்டாயே, என்னிடம் ஒரு தரம் கேட்டாயா என்றேன். தலையைக் குனிந்துகொண்டு ஜெபக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் வழக்கம்போலக் கூப்பிட்டார். இவர் மைக்கை வாங்கி, பெண்கள் பக்கம் திரும்பி, என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தார். உடனே சபை முழுக்க அல்லேலூயா, கைதட்டல். அடப்பாவி, இதையும் சாட்சியாக்கிவிட்டாரே என்று பைபிளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்புக்குப் பாதி தூரம் போவதற்குள் பின்னாலேயே ஓடிவந்தார். காலில் செருப்புகூட இல்லை. லாரிப் புழுதியில் என் முன்னால் நின்று, மைக் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று மறந்துபோனவர் மாதிரி விழித்தார்.

"அந்தப் புள்ளய நான்தான் கொன்னேன். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தெம்பு இல்ல. அதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். என்னை மன்னிச்சுடு."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை.

"அதைச் சொல்ல எனக்கு நாளாகும். அதுவரைக்கும் குடிக்காம இருக்கறது உன் பாடு" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். அதற்கப்புறம் அவர் சாட்சி சொல்லவில்லை. குடிக்கவும் இல்லை. மன்னித்தேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.