முறை மாப்பிள்ளையும் மரபணு டாக்டரும்

பீளமேட்டுக் கல்லூரியில் நான் விலங்கியல் படித்ததால் வந்த வினை அது. மாமாவின் இளைய மகன்தான் எனக்கு முறை மாப்பிள்ளை. எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவருடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மாமாவும் அத்தையும்கூடச் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள். மரபணு டாக்டரைப் பார்த்த பிறகுதான் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று பிடிவாதம் பிடித்தேன். தொண்ணூறுகளின் கடைசி, அயல்நாட்டில் ஓர் ஆட்டை நகலெடுத்துவிட்டார்களாம் என்று டீக்கடையில்கூடப் பேச்சு.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகும் பழக்கம் எங்களுக்கு ஏது? அம்மா, மாமா, அத்தை, மாப்பிள்ளை, அவர் அண்ணன் என்று எல்லோரும் ஒரே காரில் நெருக்கியடித்துப் போனோம்.

"ரெண்டு பேரும் ரத்த சொந்தமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஐயோ, இல்லைங்க! கூட்டமே வேறைங்க," என்றாள் அம்மா. மாமாவும் தலையாட்டினார். தந்தை வழிக் குலத்தைத்தான் எங்கள் பக்கம் கூட்டம் என்பார்கள். ஒரே கூட்டமென்றால் அண்ணன் தங்கை. அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன் மகனோ வேறு கூட்டம் என்பதால் ரத்தக் கணக்கிலேயே வரமாட்டான்! டாக்டரம்மா நிம்மதியாகப் பேனாவை மூடினார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கம்மாவோட அண்ணன் பையனுங்க இவரு," என்றேன். பேனா மறுபடி திறந்தது.

பிறக்கும் குழந்தைக்கும் காது கேட்காமல் போக வாய்ப்பு உண்டு, முடிவு உங்களுடையது என்றார் டாக்டரம்மா.

"ஏனுங்க, கருவுலயே அந்தக் கொறைய எடுத்துப்போட முடியாதுங்களா?" என்றார் மாமா.

"இப்ப முடியாது. ஒரு நாள் முடியலாம். ஆனா எதை மாத்தலாம், எதை மாத்தக் கூடாதுன்னு அதுக்கு ஒரு சட்டம் வேணுமில்லையா?"

"அப்படியே நெறத்தையும் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லுங்க," என்றார் அத்தை, என் முகத்தைப் பார்த்தபடி. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

என்ன சிரிப்பு என்று அண்ணன் கையால் கேட்டார். மாப்பிள்ளை சைகையில் விளக்கினார். தான் வேலை பார்க்கும் லேத் பட்டறை இரைச்சலில் தன்னைப் போல நிம்மதியான ஆள் யாருமில்லை என்று கேலி பேசுகிற மனிதர் அவர். இப்போதும் சிரித்துக்கொண்டே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை வாசல் பக்கம் வீசினார். அப்படியானால் நான் வேண்டாமா என்று கேட்கிறார்.

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. மகனின் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, அந்தச் சட்டம் எழுதறப்போ எம்பையனையக் கேட்டுப்போட்டு எழுதச் சொல்லுங்க."

எனக்கு அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "நாள் பாத்துப்போடுங்க மாமா," என்றேன்.