இலவம்பஞ்சு மெத்தை

கல்யாணச் சீராக என் மாமனார் வீட்டில் ஓர் இலவம்பஞ்சு மெத்தை கொடுத்தார்கள். பாளையம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் கட்டில் கிடையாது. சிமெண்டுத் தரையில்தான் அதை விரித்துப் படுத்தோம். எங்கள் மூத்த மகள் குப்புற விழப் பழகியது அதன்மேல்தான். தவழ ஆரம்பித்த சமயம் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில், என் மனைவியின் தோளிலேயே பிள்ளை அடங்கிப் போய்விட்டாள்.

மெத்தையின் ஒரு ஓரத்தில் பிள்ளை நனைத்த கறை இருந்தது.

"ஏப்பா, அதத் தூக்கிப் போட்ருங்க. பாக்கப் பாக்க ஒம் பொண்டாட்டிக்கு அழுகதான் வரும்" என்றாள் என் அம்மா.

மனைவி கேட்கவில்லை. வருஷம் போகப் போகப் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு, நடுவில் தரை தட்டியது. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். பஞ்சு அடிக்கிறவரை ஒருநாள் கூட்டி வந்தேன்.

"பிரிச்சு அடிச்சா புதுசாயிரும்மா" என்றார் அவர்.

"பிரிக்க வேணாங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகன் பிறந்தான். நடக்கிற வயதில் அவனுக்கு இளைப்பு வந்தது. மூச்சு இழுக்க முடியாமல் விலா எலும்பெல்லாம் தெரியும். அருப்புக்கோட்டை டாக்டர், "பிள்ளைய எதுல படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"அந்தப் பஞ்சுத் தூசிதான் ஆகல. மொதல்ல மெத்தைய மாத்துங்கம்மா."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நேரே வீட்டுக்கு நடந்தாள். மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் கொண்டுபோய்ப் போட்டோம். எனக்குக் கை வரவில்லை. தீப்பெட்டியை என்னிடமிருந்து வாங்கி அவளே உரசினாள். மேல்துணி எரிந்ததும், பஞ்சு உள்ளுக்குள் கனன்று வெகுநேரம் புகைந்தது.

"இவனாச்சும் நல்லா மூச்சு விடட்டுங்க" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மறுநாள் டவுனில் ஸ்பாஞ்சு மெத்தை வாங்கி வந்தேன். மகனுக்கு இளைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் மட்டும் அதில் ஒருநாளும் படுக்கவில்லை. கோரைப்பாயைச் சுவரோரம் விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள். கேட்டால், "தூங்குங்க" என்பாள்.