ஞானேஸ்வரிக்குச் சொல்லாத செய்தி

ஞானேஸ்வரி சுவிஸின் துன் நகரத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மஞ்சள் தபால் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பனிமலை. இரண்டையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரின் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கியர் மாத்திறதே தெரியேல்லை அண்ணை. ஐயாவுக்கு எழுதவேணும்," என்று என்னிடம் சொன்னாள்.

அவளுடைய ஐயா சச்சிதானந்தன் யாழ்ப்பாணத்தில், கொண்டாவில் டிப்போவில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். தாயில்லாத பிள்ளைகள் இரண்டையும் தனியாகவே வளர்த்தவர். 1985இல் மகள் புருஷனோடு அகதியாக இங்கே வந்த பிறகு, அவர் கடிதத்தில் நலம் விசாரிப்பது இரண்டே வரிதான். மிச்சமெல்லாம் கேள்வி. மலை வளைவில் இரண்டு பஸ் முட்டக்கூடிய மாதிரி வந்தால் எது பின்னுக்குப் போகும்? பனிக்குள் பிரேக் பிடிக்குமா? அதற்குப் பதில் எழுதுவதற்காகவே அந்தக் குடும்பம் ஞாயிறுதோறும் வெளிக்கிடும். கப்பல், மலையில் கம்பி இழுத்து ஏறுகிற ரயில், தொங்குகிற பெட்டி, ஒன்றையும் விடவில்லை. அவள் புருஷன் குகநாதனும் நானும் ஒரே ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினோம். என்னிடம் ஒரு கமரா இருந்ததால் நானும் அவர்களோடு போவேன். கலியாணம் கட்டாத எனக்கு அந்த ஞாயிறுகள்தான் குடும்பம்.

1987 மாசியில், குகநாதன் லீவில் நின்ற ஒரு நாள், குசினி ரெலிபோனுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தது நான். ஷெல் விழுந்து சச்சிதானந்தன் செத்துப்போனார், பிரேதம் எடுத்து நாலு நாளாகிவிட்டது என்றார்கள். ஞானேஸ்வரிக்கு அப்போது எட்டு மாதம்.

குகநாதன் நல்லவன், ஆனால் ஒரு முடிவெடுக்கத் தெரியாத மனுசன். நான் போய்ச் சொன்னதும் என்ன செய்வதென்று என்னையே கேட்டான். நான்தான் அவனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "விசரே உனக்கு? நிறைமாதக்காரிக்குச் செத்தவீடு சொல்லுவினமே? பிள்ளை பிறக்கட்டும். பேந்து பாப்பம்." ஊரில் எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள்! அவளுடைய தம்பி இரவீந்திரனுக்கும் ஆள் மூலம் சொல்லிவிட்டோம், அக்காவுக்கு எழுதாதே என்று.

பங்குனியில் பெண் பிள்ளை பிறந்தது. சுமித்ரா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைபெற்ற தீட்டு முப்பத்தொரு நாளும் கழியட்டும் என்றேன். கழிந்தது. பால் குடிக்கிற பிள்ளை, இப்போது சொன்னால் தாய்க்குப் பால் வற்றிப்போகும் என்றேன். பிறகு பிள்ளைக்கு முதற்சோறு தீத்தட்டும் என்றேன். எதற்கும் ஒரு காரணம் என் வாயில் தயாராக இருந்தது, நாசமாய்ப் போன வாய்.

ஐயாவின் கடிதம் ஏன் வரவில்லை என்று கேட்டால், தபால் ஓடவில்லை என்று குகநாதன் சொல்வான். அங்கே அப்போது இருந்த நிலைமையில் அது முழுப் பொய்யும் இல்லை. அவளோ எழுதிக்கொண்டே இருந்தாள். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, புது ரயிலின் கதவு தானாகத் திறந்தது, எல்லாம் எழுதி, படமும் வைத்து ஒட்டிப் புருஷனிடம் கொடுப்பாள். அவன் அதைக் கொண்டுவந்து என்னிடம் தருவான். தந்துவிட்டு, இறைச்சி வைக்கிற குளிர் அறைக்குள் போய் அழுதுவிட்டு வருவான். நான் என் அலுமாரிக்குள் வைப்பேன். பதினொரு கடிதம் சேர்ந்தது.

பிள்ளைக்குப் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினார்கள். வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தி, முன்னால் கொப்பி, பேனை, காப்பு என்று பரப்பினார்கள். பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்பார்கள். ஞானேஸ்வரி அதற்குள் ஒரு சின்ன விளையாட்டு பஸ்ஸையும் வைத்துவிட்டாள். தலையில் கொழுக்கட்டை விழ விழப் பிள்ளை சிரித்துக்கொண்டு அந்த பஸ்ஸைத்தான் எட்டிப் பிடித்தது.

"ஐயாவின்ர பேத்தியெல்லோ!" என்று அவள் கைதட்டிச் சிரித்தாள். "அண்ணை, கெதியா எடுங்கோ! ஐயா பாத்தா துள்ளுவார்."

எடுத்தேன். அந்தப் படம் பழுதாகிவிட்டது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், சொல்லாதது என் கோழைத்தனம்.

அடுத்த பங்குனியில் சுமித்ராவின் முதல் பிறந்தநாள். ஊரிலிருந்து பத்து நாளுக்கு முன் வந்து இறங்கியிருந்த சண்முகநாதன் என்ற கொண்டாவில் ஆளையும் யாரோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருக்கு எங்கள் கூத்து ஒன்றும் தெரியாது. பட்டுச்சேலையோடு கேக் கொடுத்துக்கொண்டு வந்தவளிடம் அன்பாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, உங்கட ஐயாவின்ர ஆண்டுத்திவசத்திலை சாப்பிட்டிட்டுத்தான் நான் வெளிக்கிட்டனான். தம்பி ஒரு குறையும் இல்லாமல் செய்தவர்."

அவள் கேக் தட்டை மேசையில் வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்ப?"

சொன்னேன்.

"ஏன் ஒளிச்சனீங்கள்?"

"பிள்ளைக்குப் பால்..." என்று தொடங்கினேன்.

"நான் என்ன மாடே அண்ணை?" என்றாள். சத்தம் போடவில்லை. "ஐயா செத்து ஒரு வருசம். நான் ஊரெல்லாம் சுத்திப் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன். பூ வைச்சிருக்கிறன். இப்ப ஆருக்கு அழுகிறது? அங்கை எல்லாரும் அழுது முடிச்சிட்டினம்."

வந்தவர்கள் சாப்பிடாமலே எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் நான் கொண்டுபோன பதினொரு கடிதத்தையும் எண்ணாமல் வாங்கி உள்ளே வைத்தாள். "வாங்கோ" என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து முப்பத்தொரு நாள் தனியாகத் துக்கம் காத்தாளாம், குகநாதன் சொன்னான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கேயும் போகவில்லை. அந்த வருடக் கடைசியில் அவனுக்குத் தூரத்தில் வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்க, மூன்று பேரும் போய்விட்டார்கள்.

என் அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில், தங்கச்சி புனிதவதியோடு இருந்தா. ஹோட்டல் ரெலிபோனில் ஊர்க்கதை பேச முதலாளி தடை போட்டுவிட்டதால், ஆபத்துக்கு இருக்கட்டும் என்று குகநாதனின் புது வீட்டு நம்பரை அவனிடம் வாங்கித் தங்கச்சிக்குக் கொடுத்திருந்தேன்.

1989 ஐப்பசி. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகள் மலைபோல வந்து குவிகிற நேரம். குசினிப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஞானேஸ்வரி வந்தாள். கையில் பிள்ளை, காலில் வீட்டுச் செருப்பு. ஒன்றரை வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

"அண்ணை, உங்கட அம்மா கண்ணை மூடிட்டா. இண்டைக்கு விடியத்தான்."

என் கையில் இருந்த தட்டை அவளே வாங்கித் தொட்டிக்குள் வைத்தாள்.

"நாளண்டைக்கு உங்களுக்கு பேர்ன் நகரத்திலை அகதி விசாரணையாம். குழம்பிப்போவியள், அது முடியச் சொல்லுவம் எண்டு இவர் நிண்டவர். நான் கேக்கேல்லை. அடுத்த ரயிலிலை ஏறிட்டன்."

வெங்காயச் சாக்கின் மேல் இருந்துவிட்டேன். அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, அந்த ஈரத் தரையிலேயே எனக்கு முன்னால் குந்தினாள். பழையதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் விடவில்லை.

"அது கிடக்கட்டும். நாளைக்குத்தான் எடுக்கினமாம். அம்மா இன்னும் வீட்டிலைதான் கிடக்கிறா," என்றாள். "இப்ப அழுங்கோ அண்ணை."