மூன்றரை லட்சத்துக்கு ஒன்றரை இஞ்ச்

“…ஆக, தண்ணி வரும்னு தெரிஞ்சாதான் மாப்பிள்ளைக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியுது?”

கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு இதைக் கேட்டவர் என் மச்சான் தயாளன். என் மனைவி சுமதியின் அண்ணன். கேட்டுக்கு வெளியே, கையில் அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸோடு நின்றவன் நான். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். கேட்டுத் தாழ்ப்பாள் மேல் வைத்திருந்த கையை எடுக்கவே இல்லை.

நான் கிளம்பியது என்னவோ கார் வாங்க. கார் வாங்குகிறவன் ஷோரூமுக்குப் போவான், பேங்குக்குப் போவான். மச்சான் வீட்டு வாசலில் எதற்குப் போய் நிற்க வேண்டும்?

சொல்கிறேன்…

எங்கள் வீடு செம்பாக்கத்தில். வாங்கும்போது ‘லேக் வியூ’ என்றார் புரோக்கர். பொய் சொல்லவில்லை மனுஷன். மழைக்காலத்தில் ஏரியே எழுந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும்.

எங்கள் தெருவில் மழையை யாரும் மில்லிமீட்டரில் சொல்வதில்லை. காலில் சொல்வோம். “கணுக்கால்தான் சார், ஆபீஸ் போலாம்.” “முழங்கால் சார், லீவு போட்ருங்க.” தொடை என்றால் பால் பாக்கெட்கூட வராது.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு டிசம்பரில் தொடை வந்தது.

மழை எச்சரிக்கை வந்தால் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுவது இந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம். நானும் போனேன். பொழுது விடிவதற்குள் போனவனுக்கே பாலம் ஹவுஸ்ஃபுல். திரும்பி வந்து வாசலிலேயே நிறுத்தினேன். பதினோரு வருஷம் என் பேச்சைக் கேட்டு ஓடிய வண்டி… மறுநாள் உள்ளே ஸ்டியரிங் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

துக்கம் விசாரிக்க வந்தார் மச்சான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க, ஒரு வசனம் சொன்னார்: “பள்ளத்துல வீடு வாங்குனா மீன் வளக்கணும் மாப்ள. கார் வளக்கக் கூடாது.”

தெரு சிரித்தது. தொடை ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தார்கள்! எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்குமா?

“மேட்டுல வீடு இருந்தா போதாது மச்சான். புத்தியும் கொஞ்சம் மேட்டுல இருக்கணும்” என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தூக்கிப் பிடித்திருந்த வேட்டியை மச்சான் அப்படியே தண்ணீரில் விட்டார். திரும்பி நடந்தார். அவ்வளவுதான்.

ஜனங்கள் பேசுவதையெல்லாம் டைரியில் குறித்துவைக்கிற வியாதி எனக்கு உண்டு. மச்சானின் மீன் வசனத்தை அன்றைக்கே குறித்துக்கொண்டேன். நான் சொன்னதைக் குறிக்கவில்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் சுமதி மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போவாள். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே ஏறுகிற ஒரு மேட்டுத் தெரு. நான் தெருமுனை டீக்கடையில் அவளை இறக்கிவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். மச்சான் அந்தப் பக்கம் வந்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். இரண்டு வருஷத்தில் நான் அரசியல் நிலவரம் தெரிந்துகொண்டதெல்லாம் மச்சான் புண்ணியத்தில்தான்.

இப்படியே ஓடியிருக்கும். நடுவில் சுமதியின் முதுகு தகராறு பண்ணியது. பெரும்பாக்கத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சர் அவள். தினமும் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். “நீங்க போற ரோட்டுல ஸ்கூட்டர் ஓட்டினா, நான் என்ன மாத்திரை குடுத்தாலும் பத்தாது சார்.”

ஆக, கார். பட்ஜெட்டுக்குள் ஒரு கார். பாதி வழியில் மானத்தை வாங்காத கார். அதுவும் மழைக்கு முன்னால்.

கார் வாங்கப் போகிறேன் என்று வெளியே சொல்லிப் பாருங்கள்… தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே நாளில் ஒன்பது மாடல் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தான் வாங்கிய காரைத்தான் சிபாரிசு செய்தார்கள். தன் காரால் நொந்துபோனவர் இன்னும் ஒரு படி மேலே போய் வீட்டுக்கே வந்து சிபாரிசு செய்தார். துணைக்கு ஆள் வேண்டாமா?

சுமதி யாரையும் கேட்கவில்லை. எங்கள் கேட் தூணில் பழைய வெள்ளத்தின் கோடு இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் போகாத கோடு. தரையிலிருந்து அது வரைக்கும் இஞ்ச் டேப்பால் அளக்கச் சொன்னாள். டேப்பில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள்.

“கிளம்புங்க.”

ஷோரூமில் டை கட்டிய ஒரு தம்பி, பெரிய கார் ஒன்றின் முன்னால் எங்களை நிறுத்தி, “சன்ரூஃப் இருக்கு சார்… டச் ஸ்கிரீன் இருக்கு… ஆறு ஏர்பேக்…” என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தால் சாரைக் காணோம். சுமதி குனியக் கூடாது என்பதால் குனிகிற வேலையெல்லாம் என்னுடையது. சார் பளபளக்கிற டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்திருந்தார், கையில் டேப்போடு.

“சார்… ஏதாவது விழுந்துடுச்சா?”

“இல்ல தம்பி. வண்டியோட வயிறு தரையிலேர்ந்து எவ்ளோ ஒசரம்னு பாக்கறாரு” என்றாள் சுமதி.

“ஓ… கிரவுண்ட் கிளியரன்ஸா மேடம்? இருநூத்தி அஞ்சு எம்.எம்.!”

“அந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு வராது. கணுக்காலா, முழங்காலா?”

தம்பி திகைத்தார். ஆனால் நல்ல பிள்ளை. பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கி, தன் காலிலேயே கை வைத்துக் காட்டினார். “இது வரைக்கும் மேடம்.”

“அய்யய்யோ, கெண்டைக்கால்கூட வரலையே!”

“மேடம், இந்த ரேஞ்சுல இதான் ஹையஸ்ட்…”

“எங்க தெருவுல தண்ணி தொடைக்கு வரும் தம்பி.”

அதற்கு அவர்களுடைய புரோஷரில் பதில் இல்லை.

பக்கத்திலேயே ஒரு சின்ன கார் நின்றது. அடக்கமான, அலட்டல் இல்லாத வண்டி. அதற்கும் படுத்து அளந்தேன். பெரியதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை இஞ்ச் குறைவு. விலை? மூன்றரை லட்சம் குறைவு.

“பெருசே இருக்கட்டும்” என்றேன், பேன்ட்டைத் தட்டிக்கொண்டே. லோன் இரண்டு வருஷம் கூடுதலாக இழுக்கும். இழுத்தால் இழுக்கட்டும். ஒன்றரை இஞ்ச் என்றாலும் உயரம் உயரம்தானே? இந்த சனிக்கிழமைக்குள் புக் பண்ணினால் ஏதோ ஆஃபர் வேறு இருக்கிறதாம்.

சுமதி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். “நாகுவ ஒரு வார்த்தை கேட்டுரலாம்” என்றாள்.

நாகு என் பழைய காருக்குப் பதினோரு வருஷம் வைத்தியம் பார்த்த மெக்கானிக். அவரைக் கேட்காமல் நான் ஒரு வைப்பர்கூட மாற்றியதில்லை. ஷோரூமில் கொடுத்த புரோஷரை நீட்டினேன். எண்ணெய்க் கையோடு வாங்கவே மாட்டேன் என்றார்.

“இன்னாத்துக்கு சார் இதெல்லாம் பாத்துகினு? எந்த வண்டி நம்ம ஷெட்டாண்ட வர்றதே இல்லியோ, அத வாங்கு. எனக்கு நஷ்டம்தான். இருந்தாலும் சொல்றேன்.”

இதை டைரியில் குறித்துக்கொண்டேன். தன் பிழைப்புக்கு எதிராக உண்மை பேசுகிறவரை வாழ்க்கையில் எத்தனை தடவை பார்க்கிறோம்?

அப்படி வராத வண்டி எது? அந்தச் சின்ன கார்தான். அது அவர் ஷெட்டுக்கு மொத்தம் மூன்றே தடவை வந்திருக்கிறதாம். அதில் ஒன்று வழி கேட்க வந்தது.

“சரி நாகு, ஆனா தண்ணி? பெருசுன்னா கொஞ்சம் ஒசரமாச்சே…”

நாகு பழந்துணியில் கையைத் துடைத்தார். “ஒண்ணு கேக்குறேன் சார். உன் பழைய வண்டி எப்போ முழுவுச்சு? நீ ஓட்டிகினு போவ சொல்லவா, நிறுத்திகினு தூங்க சொல்லவா?”

“நிறுத்தியிருந்தப்ப.”

“அப்புறம் இன்னா? நிக்குற வண்டிதான் சார் முழுவுது! ஓடுற வண்டிக்கு நீ வேற ரோட்டுல திருப்பிகினு பூடுவ. ஒசரமா வண்டி வாங்குறத வுட்டுட்டு, ஒசரமா ஒரு எடத்த பாரு. ரெண்டு நாளு நிறுத்திட்டு வந்தா மேட்டர் ஓவர். மேட்டுல சொந்தக்காரங்க யார்னா கீறாங்களா?”

நான் ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்தேன். சுமதி என்னைப் பார்த்தாள். நாகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கீறாங்க போலகீதே!” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது.

“மூன்றரை லட்சம் குடுத்து ஒன்றரை இஞ்ச் வாங்கப் போறீங்க. எங்க அண்ணன் வீடு நம்ம தெருவைவிட ஒரு ஆள் ஒசரம். காசு கிடையாது.”

“உங்க அண்ணன் அன்னைக்கு என்னை என்ன சொன்னாருன்னு தெரியும்ல?”

“தெரியும். டைரியில எழுதி வச்சிருக்கீங்க. நீங்க சொன்னதும் தெரியும். அது டைரியில இல்ல.”

டீச்சரைக் கல்யாணம் பண்ணியவனுக்குத் தெரியும்… திருத்தாமல் ஒரு பேப்பரும் வெளியே போகாது.

“அப்ப நீயே கேளேன். உன் அண்ணன்தானே?”

“நான் கேட்டா அடுத்த நிமிஷம் சரிம்பாரு. அதுக்கப்புறம்? ஒவ்வொரு மழைக்கும் காரை அங்க விட்டுட்டு நீங்க டீக்கடையில போய் உக்காருவீங்க. எனக்கு அது வேணாம். நீங்க போய்க் கேக்கறதுன்னா சின்ன வண்டி. இல்லன்னா பெருசையே புக் பண்ணுங்க.”

இரண்டு நாள் யோசித்தேன். ரோஷம் என்பது நமக்கு இலவசமாக வருகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்த என்ன செலவு? முகத்தைத் திருப்ப என்ன செலவு? முதல் தடவையாக ஒரு ஷோரூம் என் ரோஷத்துக்கு விலை போட்டுக் கையில் கொடுத்துவிட்டது. ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் உட்பட. உங்கள் ரோஷத்துக்கு யாராவது இப்படி ஆன்ரோடு பிரைஸ் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் போனோம். டீக்கடை வந்ததும் சுமதி இறங்கி, என் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் இங்க இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க.”

“தனியாவா?”

“பின்ன? ரெண்டு வருஷமா நான் தனியாத்தானே போனேன்?”

டீ மாஸ்டர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு டீ போட்டு அவளிடம் கொடுத்தார்.

மேட்டில் ஏறினேன். என்ன அருமையான மேடு! எந்த வீட்டுச் சுவரிலும் தண்ணீர்க் கோடு கிடையாது. எல்லாச் சுவரும் ஒரே நிறம். பொறாமையாக இருந்தது. மச்சான் வீட்டுப் போர்ட்டிகோ வெளியிலிருந்தே தெரிந்தது. இரண்டு கார் தாராளமாக நிற்கும். ஆனால் நட்ட நடுவில், கவர் போர்த்திக்கொண்டு, ஒரே கார்.

வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். முதலில் மன்னிப்பு. அப்புறம் குசலம். கடைசியில் கார். மச்சான் முகத்தைப் பார்த்ததும் வரிசை தலைகீழாகிவிட்டது. “கார் வாங்கறோம் மச்சான், மழைக்கு ரெண்டு நாள் இங்க நிறுத்திக்கலாமா?” என்று அதுதான் முதலில் வந்தது.

அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். தண்ணி வரும்னு தெரிஞ்சாதான் வழி தெரியுதா என்று.

கேட்டதில் என்ன தப்பு?

“ஆமா மச்சான்” என்றேன். “அதுக்குத்தான் வந்தேன். ஆனா ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். தெருவுல வச்சு உங்களை அப்படிப் பேசினது என் தப்பு.”

மச்சான் ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார்.

“எந்த வண்டி?”

“இன்னும் புக் பண்ணல. நீங்க சரின்னா சின்ன வண்டி. நாளைக்கு ஆஃபர் கிடையாதாம், இன்னைக்கே சொல்லணும்.”

“அகலம் எவ்ளோ?”

முழித்தேன். ஷோரூம் தரையில் படுத்துப் படுத்து காரை அளந்தவன் நான். அகலத்தை யார் அளந்தார்கள்?

“ஒசரம்னா எம்.எம். வரைக்கும் சொல்லுவேன் மச்சான்…”

‘ச்’ கொட்டினார். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். வீட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான், முடிந்தது. பெரிய கார்தான். இன்னும் இரண்டு வருஷம் இ.எம்.ஐ.தான். அதுகூடப் பரவாயில்லை… டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன சொல்வது?

கதவு திறந்தது.

மச்சான் கையில் கார் சாவி. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கவரை உருவி மடித்து ஓரமாக வைத்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்சம் பின்னால். கொஞ்சம் முன்னால். மறுபடியும் பின்னால்… அந்தக் காரின் கதவை யாராவது கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே முகம் சுளிக்கிற மனுஷன், கண்ணாடியை மடக்கி, வலது பக்கச் சுவரோடு சுவராக வண்டியை ஒட்டினார். நடுவில் ஒரு செய்தித்தாளை நுழைக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

எஞ்சினை அணைத்தார். இப்போது டிரைவர் பக்கக் கதவு திறக்காது. தொண்ணூறு கிலோ உடம்பு. முக்கி முனகி ஒரு காலைக் கியரைத் தாண்டிப் போட்டார். ஹாரன் தானாக அலறியது. வேட்டி ஹேண்ட் பிரேக்கில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து, அடுத்த சீட்டுக்கு உருண்டு, இடது பக்கக் கதவு வழியாகத் தலை முதலில் வெளியே வந்தார்.

நடந்து வந்தவன் உள்ளே போக ஒரு கதவு போதும். மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார்.