மார்த்தெஸ் வேண்டாம் என்றேன்

கீரனூரில் இருந்தபடி, ஸ்பானிய மொழியில் ஏழு கிழமைகளின் பெயர்களையும் ஒரே பகலில் மனப்பாடம் செய்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், ஓர் ஆபரேஷனைத் தடுப்பதற்காகப் படித்தேன்.

ஸ்பெயினில் ஓட்டல் சமையல்காரராக இருக்கும் என் கணவருக்குக் காலில் புண் புரையோடிவிட்டது. சனிக்கிழமையே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, சனி ஆகாது என்று போனிலேயே கணவரை மறுக்க வைத்தவள் நான். அடுத்துச் செவ்வாய் என்றார்கள். அதுவும் எனக்கு ஆகாத நாள். அவருக்கோ காய்ச்சலில் பேச்சே குழறியது.

"நர்ஸம்மாகிட்ட போனைக் குடுங்க, நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

வீடியோவில் வந்த அந்த அம்மாளிடம், "மார்த்தெஸ் நோ, மியேர்கோலெஸ்" என்று கெஞ்சினேன். செவ்வாய் வேண்டாம், புதன் என்று அர்த்தம். வேறு வார்த்தை தெரியாததால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

அவர் கோபப்படவில்லை. தன் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து ஏதோ பேசினார். அது தமிழில் சொன்னது: "எங்கள் நாட்டிலும் செவ்வாய் ஆகாத நாள்தான், என் அம்மாவும் அன்று பயணம் கிளம்ப மாட்டார். ஆனால் இந்தக் கால் புதன்கிழமை வரை தாங்காது." பிறகு போர்வையை விலக்கிக் காட்டினார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"மார்த்தெஸ்" என்றேன்.

கால் பிழைத்தது. அந்த இரண்டு விரல்கள் போய்விட்டன. சனிக்கிழமையே செய்திருந்தால் அவையும் இருந்திருக்குமாம்.

அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் ஊருக்கு டிக்கெட் போடும் முன், "எந்தக் கெழம கெளம்பட்டும்?" என்று என்னிடம்தான் கேட்கிறார். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.