மழைக்காலத்துக்கு ஒரு டயர்

வண்டிக்கு டயர் வாங்குவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வயதிலேயே அந்தப் படிப்பை முடித்தவள் நான். இன்றைக்கும் தெரிந்தவர்கள் யாராவது புது டயர் போட்டுக்கொண்டு வந்தால், கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்திப் பார்க்காமல் என் கை சும்மா இருப்பதில்லை. என் கணவர் இதைப் பைத்தியம் என்பார். நான் பார்த்து வாங்கிய டயரில் அவர் வண்டி ஒரு மழையிலும் வழுக்கியதில்லை என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார்.

ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே, ஆரணியாற்றங்கரையில் எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் நெல் வயல், ஒரே வீடு, ஒரே சமையல். அம்மாவுக்கு மட்டும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வரிசையாக வந்து விழும் ரப்பர் வளையங்களை எடுத்து, அழுத்திப் பார்த்து, சொத்தையைக் கழிக்க வேண்டும். கம்பெனி பஸ் எங்கள் ஊர்ப்பக்கம் வராது என்பதால் காலையில் நைனா பைக்கில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் போய் அழைத்து வருவார். ஊரை விட்டு வெளியேற ஒரு களிமண் பாதை, ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம், பிறகு தார் ரோடு, கடைசியில் லாரிகள் எண்ணெய் சொட்டவிட்டுப் போகும் தொழிற்பேட்டைச் சாலை. சித்திரையில் கொதிக்கும் அதே ரோடு ஐப்பசியில் சோப்பு தேய்த்த மாதிரி இருக்கும்.

எனக்கு எட்டு வயதான வருஷத்து மழையில் அங்கேதான் இருவரும் விழுந்தார்கள். முன்னால் போன லாரி நின்றது, நைனா பிரேக் பிடித்தார், வண்டி நிற்காமல் படுத்துக்கொண்டது. நைனாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்து அம்மா மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கி, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த மழைக்காலம் நெருங்கிவிட்டது.

பெரியப்பா நல்ல மனிதர்தான். ஆனால் வீட்டில் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமும் அவருக்கு இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மழ வந்திச்சின்னா பொம்பள எப்படி அம்மாந்தூரம் போய்க்கினு வரும்? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வேலைய வுட்டு நின்னுக்கச் சொல்லு."

அண்ணனுக்கு முன்னால் நைனாவுக்கு எப்போதுமே வாய் எழும்பாது. உள்ளிருந்து அம்மாதான் பதில் சொன்னாள். "உழுந்தது டயரால மாமா. இன்னிக்கி உழுந்துச்சின்னு வேலைய வுட்டா நாளைக்கி யாரு குடுப்பா? டயர மாத்திக்கினா போவுது."

பெரியப்பா துண்டில் கையைத் துடைத்து முடிக்கும்வரை யோசித்தார். பிறகு அதே சுவரிடம் ஒரு நிபந்தனை போட்டார். இந்த மழைக்காலம் முழுக்க ஒருநாள்கூட விழாமல், ஒருநாள்கூட மழைக்கென்று லீவு போடாமல் போய்வந்தால் அவர் அப்புறம் வாயே திறக்க மாட்டார். விழுந்தாலோ லீவு போட்டாலோ அத்தோடு வேலை முடிந்தது. அம்மா சரி என்றாள்.

எந்த டயர் என்பது அடுத்த கேள்வி. நைனா, இருக்கிற டயரிலேயே கோடு தேயவில்லையே என்று இழுத்தார். பெரியப்பா, சேற்றுக்குப் பட்டன் டயர்தான் என்றார். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் அந்த டயரை எனக்கும் பிடித்திருந்தது, ஏனென்றால் பார்க்கவே பயமாக இருக்கும். அம்மாவோ எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். சாயங்காலம் அவளை அழைக்க நைனாவோடு நானும் போவேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே பெரிய பைக் ஸ்டாண்டு. அங்கே அம்மா வரும்வரை நாங்கள் காத்திருப்போம்.

"எந்த வண்டியில சேறு அப்பிக்கினு கீதோ அது நம்ம மாதிரி ஊரு. அதுல எதெது அடிபட்டுக் கீது, எது அடிபடாம கீதுன்னு பாரு. அடிபடாததுல இன்னா டயருன்னு பாத்துச் சொல்லு" என்றாள் அம்மா.

அம்மாவே கேட்டிருந்தால் மறுநாள் கம்பெனிக்குள் வேறு மாதிரிப் பேச்சாகியிருக்கும். என்னை யார் என்ன சொல்லப்போகிறார்கள்? நான் போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொரு வண்டியாகச் சுற்றிவந்தேன். வண்டிக்காரர்கள் வந்தால் நேராகவே கேட்டேன். "அண்ணா, நீங்க மழையில உழுந்திருக்கீங்களா?"

"நானா? வண்டி தொட்ட நாள்லேர்ந்து ஒருதபா கூட இல்ல பாப்பா" என்றார் ஒருவர். அவர் வண்டியின் கால் வைக்கும் கம்பி மேல்நோக்கி வளைந்திருந்தது. இன்னொருவரும் விழுந்ததே இல்லை, சைலன்சர் முழுக்கச் சிராய்ப்பு. மூன்றாமவர் வண்டியில் பிரேக் பிடியே பாதிதான் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டதும் அவர் அவசரமாக வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். அந்த ஸ்டாண்டில் விழுந்த ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை, வண்டிகள்தான் தாமாகவே விழுந்து தொலைத்திருந்தன.

சேறு அப்பியும் சிராய்ப்பில்லாத வண்டிகள் கொஞ்சம்தான். அவற்றில் பட்டன் டயர் ஒன்றுகூட இல்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தம். நடுவில் விடாமல் ஓடும் ரப்பர், இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டிய கோடுகள், இப்படித்தான் எல்லாவற்றிலும் இருந்தது. அதில் ஒரு வண்டிக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். "ரெண்டுதபா உழுந்துட்டுத்தான் இத மாட்டினேன். பட்டனு சேத்துல நிக்கும், ஈரத் தாருல வாரிவுட்ரும். இது நடுவாந்தரம் பாப்பா. எதுலயும் பெரிய கில்லாடி இல்ல, எதுலயும் கவுத்தாது."

திருவள்ளூரில் டயர் கடைக்கு நாங்கள் மூவரும் போனோம். கடைக்காரர் நைனாவிடம் ஒரு டயரைத் தூக்கிக் காட்டி, இது தேயவே தேயாது என்றார். நைனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மா அதன் மேல் நகத்தை அழுத்தினாள். தடமே விழவில்லை. "இதுக்குத்தான் வேணாங்கறேன். நம்ம டயரும் இப்பிடித்தான், வெயில்ல காஞ்சிக் காஞ்சி, கோடு தேயாமயே கல்லாப் பூடுச்சி." பிறகு ஸ்டாண்டில் பார்த்த மாதிரியானதை எடுத்துவரச் சொல்லி, அதிலும் அழுத்தினாள். நகம் சின்னப் பிறையாகப் பதிந்தது. இது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று கடைக்காரரே எச்சரித்தார். "தேஞ்சா வேற மாட்டிக்கலாம்" என்றாள் அம்மா. நானும் ஒருமுறை நகத்தால் அழுத்திப் பார்த்து, நல்ல டயர் என்று சான்று கொடுத்தேன்.

டயர் எங்களைக் கைவிடவில்லை. ஐப்பசி முழுக்க அடித்த மழையில் ஒருநாள் நடுரோட்டில் எருமை குறுக்கே வர, நைனா பிடித்த பிரேக்கில் வண்டி கோணாமல் நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நானே அதைப் பெரியப்பா காதில் விழும்படி இரண்டுமுறை சொன்னேன். அவர் கேட்காத மாதிரி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு காலை, மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார். கம்பெனிக்கு லீவு விட ஆளில்லை. அம்மாவை விடப் போன நைனாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். ஆற்றங்கரைக்குப் போனால் தரைப்பாலத்தைக் காணோம். முழங்கால் அளவுத் தண்ணீர் அதன் மேல் புரண்டு போய்க்கொண்டிருந்தது. நைனா வண்டியை நிறுத்தினார். உலகத்தில் எந்த டயரும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

கரையில் பெரியப்பாவின் டிராக்டர் நின்றிருந்தது. இப்படித் தண்ணீர் வரும் நாட்களில் பால்காரர்களையும் அவசரக்காரர்களையும் டிரெய்லரில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அவர்தான். அன்றைக்கு அவர் பெண்களை ஏற்றமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு லீவாகியிருக்கும். லீவானால் வேலை போயிருக்கும். நைனா அண்ணனிடம் கேட்கவும் முடியாமல், அம்மாவைத் திருப்பி அழைக்கவும் முடியாமல், நனைந்த சீட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அம்மா யாரிடமும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, புடவையைச் செருகி, பால் கேன்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். "மாமா, லேட்டானா கேட்டுல வுடமாட்டான்" என்றாள்.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அங்கே பார்த்துப் பேசுவதற்குச் சுவர் இல்லை. டிராக்டரைக் கிளப்பினார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அவர் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததேயில்லை. அக்கரையில் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. அம்மா இறங்கி நடந்தபோது பெரியப்பா முதல்முறையாக அவளிடமே கேட்டார்.

"சாயங்காலம் எப்ப வுடுவான்?"

"வந்து சேர ஆறு ஆவும் மாமா."

திரும்பும்போது, அம்மா லீவு போட்டிருந்தால் நீங்கள்தானே ஜெயித்திருப்பீர்கள் என்று பெரியப்பாவைக் கேட்டேன். "கம்முனு உக்காரு" என்றார். சாயங்காலம் ஆறுக்கு வெகு முன்பே டிராக்டர் அக்கரையில் போய் நின்றது. தண்ணீர் வடியும்வரை தினமும் நின்றது.

தை பிறந்தது. வீட்டில் வேலையை விடும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. எல்லாம் டயரின் புண்ணியம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது என் பக்கத்தில் உட்காரும் பக்கத்து ஊர்த் தோழி, தன் அம்மாவையும் கம்பெனி வேலையை விடச் சொல்கிறார்கள் என்றாள். அடுத்த மழைக்குள் நின்றுவிட வேண்டுமாம். நான் பெரிய மனுஷி மாதிரி அவள் தோளில் கைபோட்டு, இதற்கெல்லாமா கவலைப்படுவார்கள், டயரை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, அந்தக் கோடுகளை அவள் உள்ளங்கையில் பேனாவால் வரைந்தும் காட்டினேன்.

அவள் கையைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா பஸ்ல தான போவுது" என்றாள்.

பஸ்ஸில் போகிறவர் மழைக்கு எதற்காக வேலையை விட வேண்டும் என்று அன்றைக்கு நெடுநேரம் யோசித்தும் எனக்குப் புரியவில்லை.