மடியோடு தைத்த அலை

இன்று பெட்டியைத் திறந்தபோது பூச்சி உருண்டை மணத்தோடு அம்மாவின் அலைத்துணி வெளியே வந்தது. கூடவே, இப்போது சுவர்கூட மிஞ்சாத எங்கள் ஊர்காவற்துறை வீட்டின் விறாந்தையும், சோழகக் காற்று கூரை ஓலையைப் பிய்த்த ஒரு பின்னேரமும் வந்தன.

கடலுக்குப் போன அப்பா மத்தியானமே திரும்பியிருக்க வேண்டும். அம்மாவோ, மாதா கோயில் சுவரில் மாட்டவென்று முதன்முதலாகத் தைக்கத் தொடங்கிய அந்தத் துணியை மடியில் விரித்து, பழைய போர்வையின் மேல் நீலத் துணியையும் வெள்ளைத் துணியையும் அலைபோல வளைவாகப் பொருத்தி, உள்வளைவின் ஓரத்தைச் சின்னச் சின்னதாய் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, இழுக்காமல் மெல்ல நகர்த்தித் தைத்துக்கொண்டேயிருந்தார். நிமிர்ந்தால் வெறுங்கடல் தெரியும் என்று நிமிரவேயில்லை.

"கரைக்குப் போய்ப் பாப்பமே அம்மா?"

"இந்த வளைவு முடியட்டும் பிள்ளை. இடையிலை விட ஏலாது."

முடிந்ததும் அடுத்த வளைவை எடுத்தார்.

இருட்டுகிற நேரம் வாசல் படலையில் அப்பாவின் இருமல் கேட்டது. அம்மா துள்ளி எழுந்தார். மடியிலிருந்த துணி கீழே விழவில்லை. கடைசி வளைவைத் தன் சீலையோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

"வள்ளத்துப் பாய் கிழிஞ்சு போச்சு," என்று சொல்லிக்கொண்டே நனைந்து நடுங்கி வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார். "இஞ்சாரும், சீலையையும் சேர்த்தெல்லோ தைச்சுப்போட்டீர்?"

அம்மா தையலைப் பிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துச் சீலையைத்தான் வெட்டினார்.

இப்போது அந்தத் துணியைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அந்தச் சீலைத்துண்டு இருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஓர் இழைகூட அசையவில்லை.